மாற்றம் நிகழ்ந்த மாதம்: இக்னாஸ் செம்மல்வைஸ்

காலத்தொடர் வரைபடத்தில் மாற்றப்புள்ளியைக் குறிக்கக் கற்கும் மாணவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். அங்கேரியின் புடா நகரில் 1818 ஜூலை 1ஆம் நாள் மளிகை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1844இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1846இல் அந்நகரப் பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவரானார்.

அங்கு இரு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846இல் முதற்பிரிவுத் தாய்மாரில் 11.4 விழுக்காட்டினர் மாண்டனர். இரண்டாம் பிரிவிலோ 2.8 விழுக்காட்டினரே. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினர்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா, பிணச்சோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட அறிகுறிகள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிணவறையிலிருந்து வரும் கைகளே எமனாகின்றன என்று செம்மல்வைஸ் உணர்ந்தார். மே மாத நடுவில் குளோரின் கரைசலில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 312 பேறுகளில் 57 மரணங்கள். ஜூலையில் 250 பேறுகளில் மூன்றே மரணங்கள்!

இந்த எண்களை மாதவாரியாக வரைந்து, 1847 மே நடுவில் ஒரு செங்குத்துக் கோடு இடுங்கள். கோட்டின் இருபுறமும் அந்தந்தக் காலத்தின் சராசரியைக் கிடைக்கோடாக வரையுங்கள். படிக்கட்டு போன்ற இறக்கம் கண்முன் நிற்கும். அவ்வாண்டு அக்டோபர், நவம்பரில் மரணங்கள் சற்றே கூடின. எனினும் பழைய மட்டத்தைத் தொடவில்லை. ஏற்ற இறக்கம் வேறு, மாற்றப்புள்ளி வேறு என்பதற்கு இது சான்று. கோடு, மாற்றம் எப்போது என்பதைத்தான் காட்டும். ஏன் என்பதற்கு ஒப்பீடு வேண்டும். இரண்டாம் பிரிவு அந்த ஒப்பீட்டைத் தந்தது.

ஆனால் மேலதிகாரிகள் ஏற்கவில்லை. தம் கைகளே கொன்றன என்பதை ஒப்புக்கொள்ள மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. 1849இல் அவருடைய பணிக்காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. 1850இல் பெஸ்ட் நகருக்குத் திரும்பி, அங்கும் தாய்மாரைக் காத்தார். அவருடைய நூல் வெளிவந்தது 1861இல்தான். கோட்டு வரைபடத்தை வில்லியம் பிளேஃபேர் 1786இலேயே அச்சிட்டிருந்தும், செம்மல்வைஸ் நம்பியது நீண்ட அட்டவணைகளையும் கசப்பான வாதங்களையுமே. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டு, ஆகஸ்டு 13ஆம் நாள் 47ஆம் வயதில் காலமானார். பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை 1879இல் பாஸ்டர் எடுத்துக்காட்டினார்.

ஒரு படம் மட்டுமே அந்த மருத்துவர்களின் மனத்தை மாற்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தோழர்களே, நாளை உங்கள் ஆய்வேட்டில் கணினி கண்டுபிடிக்கும் மாற்றப்புள்ளியை அட்டவணைக்குள் புதைத்துவிடாதீர்கள். தெளிவாகக் கோடிட்டு, நாளையும் காரணத்தையும் அருகில் எழுதுங்கள். எண்களுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.