கூலியாளாய்க் கடல் கடந்த குருவானவர்

பெரியவர் ஆகவேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். சிறியவராகிப் பணி செய்யக் கடல் கடந்தவர் ஒருவர் உண்டு. இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அவர்.

கோவாவில் பெனாலிம் என்னும் ஊரில், 1651 ஏப்ரல் 21 அன்று, கொங்கணி அந்தண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். பிறந்த ஊரிலேயே மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேட்ட நாள்முதல் அவர் உள்ளம் அமைதி இழந்தது. அங்கு கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்தனர். இறைவன் தம்மை அழைப்பது அங்கேதான் என்று உணர்ந்தார்.

1687இல் ஜான் என்னும் பணியாளுடன் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியில் படகேறினார். யாழ்ப்பாணம் சேர்ந்தபோது இருவரும் கடும் நோயால் வாடினர். தேறியதும், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்ந்ததோ, அவர்களிடம் தாம் குரு என்பதை மெல்ல வெளிப்படுத்தினார். இரவில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். தமிழும் சிங்களமும் கற்றார்.

1692இல் கண்டிக்குச் சென்ற அவர், ஒற்றர் என்னும் சந்தேகத்தால் சிறைப்பட்டார். 1697இல் அந்நகரில் பெரியம்மை பரவியது. உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். யோசேப் வாஸோ குடிசைகள் அமைத்து, சமய வேறுபாடின்றி அவர்களுக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைப் பெரிதும் மதித்து ஆதரித்தான்.

பின்னர் ஆயர் பொறுப்பு தேடி வந்தபோது பணிவோடு மறுத்துவிட்டார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புச் சகோதரிகளே, வேடமாக ஏற்ற எளிமை அவருக்கு இறுதிவரை இயல்பாகவே நிலைத்தது. நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளுக்கும் மொழி தெரியாத பலர் பிழைப்புத் தேடி வந்திருக்கின்றனர். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க யார் செல்வது? நமக்கான அழைப்பு அந்த வாசலிலும் இருக்கலாம்.