வாத்துகளின் நம்பிக்கையை வென்ற வேடன்

பனிக்காலத்தில் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் நடமாடுவோர் கனடிய வாத்துகளைக் காணாதிருப்பது அரிது. கருங்கழுத்தும் கன்னத்தில் வெண்பட்டையும் கொண்ட இப்பறவைகள், நீர் உறையாத இடங்களில் கூட்டங்கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. வேறு பல கூட்டங்களோ வானில் அம்புமுனை போல் அணிவகுத்துத் தெற்கு நோக்கிப் பறந்து செல்கின்றன. அவை எங்கிருந்து புறப்பட்டு எங்கு சென்று சேர்கின்றன என்பது, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் திட்டமாக அறியப்படாத செய்தியாகவே இருந்தது. அதனை அறியத் தந்த முன்னோடிகளுள் ஒருவர் செங்கல் சூளையில் உழைத்த மனிதர். பள்ளிக் கல்வி வாய்க்காதவர். வேறொரு நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறியவர். ஜக் மைனர் என்னும் அம்மனிதரின் வாழ்வை இன்று நாம் நினைவுகூர்கின்றோம்.

மைனர் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 1878இல் அக்குடும்பம் ஈரி ஏரியின் வடகரையிலுள்ள கிங்ஸ்வில் என்னும் ஊரில் வந்து குடியேறியது. செங்கல்லும், வயல்நீர் வடிவதற்கான மண்குழாய்களும் சுடுவதே அவர்களது தொழில். அவ்வருவாய் போதாமையால் இளைஞர் மைனர் துப்பாக்கியேந்தி வேட்டைக்குச் சென்றார். சுட்ட பறவைகளைச் சந்தைக்கு விற்றார். எழுத வாசிக்க அவர் கற்றது முப்பது வயதைக் கடந்த பின்னரே.

வேட்டைக்குச் சென்ற நாட்களில் ஒன்றை அவர் கண்டுகொண்டார். ஏனையோரைப் பொருட்படுத்தாது மேயும் காட்டு வாத்துகள், அவரது தலை தெரிந்ததுமே எழுந்து பறந்துவிடும். தம் பகைவனை இன்னானென்று அறியும் பறவை, தன் நண்பனையும் அறியாதா என்னும் கேள்வி அவருள் எழுந்தது. அக்கேள்வியே அவரது வாழ்வைத் திசை திருப்பிற்று.

1904இல் தமது நிலத்தில் குளம் அமைத்து, சிறகு கத்தரித்த ஏழு வாத்துகளை அதில் விட்டார். வானிற் செல்லும் காட்டு வாத்துகள் தம்மினத்தைக் கண்டு இறங்கக்கூடும் என்று காத்திருந்தார். நான்கு ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. அயலவர் நகைத்தனர். 1908இன் வசந்த காலத்தில் பதினொரு வாத்துகள் வந்திறங்கின. அடுத்த ஆண்டு முப்பதுக்கு மேற்பட்டவை வந்தன. அதன்பின் நூற்றுக்கணக்கில் வரலாயின. அவற்றுக்குச் சோளம் இடுவதே குடும்பத்தின் பெருஞ்செலவாயிற்று.

1909 ஆகஸ்டில் காட்டுத் தாரா ஒன்றின் காலில், தமது அஞ்சல் முகவரி பொறித்த உலோக வளையம் ஒன்றைப் பூட்டினார். ஐந்து மாதங்களின் பின், 1910 ஜனவரியில், தென் கரோலினாவில் அப்பறவை சுடப்பட்டது; சுட்டவர் செய்தியை அவருக்கு எழுதியனுப்பினார். ஈரி ஏரிக்கரையின் தாரா எங்கே பனிக்காலத்தைக் கழித்தது என்பதற்குச் சான்று கிடைத்தது. அச்சான்றை ஒரு பறவையின் உயிரே தந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

சமய நம்பிக்கை மிக்க மைனர், பின்னர் வளையங்களில் விவிலிய வாசகங்களையும் பொறித்தார். வடக்கே ஹட்சன் குடாக் கரையில் வாழ்ந்த பழங்குடி வேட்டைக்காரரிடமிருந்தும் வளையங்கள் திரும்பி வந்தன. இவ்வாறு, வடக்கிலுள்ள கூட்டுக்கும் தெற்கிலுள்ள குளிர்கால உறைவிடத்துக்கும் இடைப்பட்ட வழி துலங்கலாயிற்று. தம் வாழ்நாளில் அவர் வளையமிட்ட பறவைகள் பல்லாயிரம். 1916இல் கனடாவின் சார்பில் பிரித்தானியா அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கை, எல்லை கடக்கும் பறவைகளுக்குச் சட்டக் காவல் தந்தது. அக்காவல் ஏன் வேண்டும் என்பதை ஊரூராகச் சென்று பேசி மக்களுக்கு உணர்த்தியவர்களுள் மைனரும் ஒருவர்.

அவரிடம் குறையும் இருந்தது. பருந்து, ஆந்தை, காகம் ஆகியவற்றை அவர் பகையெனக் கருதிப் பொறி வைத்துக் கொன்றார். அக்காலத்திலேயே அறிஞர் சிலர் இதனைக் கண்டித்தனர். இரைகொல்லிப் பறவைகளும் இயற்கையின் சமநிலைக்கு இன்றியமையாதவை என்பது இன்று தெளிவு. வாத்துக்குத் திறந்த அவரது உள்ளம் பருந்துக்குத் திறக்கவில்லை.

1943இல் பிரித்தானிய மன்னர் அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தார். 1944 நவம்பர் 3ஆம் நாள், வாத்துகள் தெற்கு நோக்கி வரும் பருவத்தில், அவர் மறைந்தார். அவர் பிறந்த நாள் அடங்கும் வாரத்தைத் தேசிய வனவிலங்கு வாரமாகக் கனடிய நாடாளுமன்றம் 1947இல் சட்டமாக்கியது.

பறவைகளுக்கு அடைக்கலம் தந்தார் என்று மைனரைப் போற்றுவது எளிது. ஆயினும் அடைக்கலம் என்பது நிலமும் தானியமும் மட்டுமன்று. அஞ்சி வருவோர் அஞ்சாது இறங்குவதற்கு ஆண்டுகள் பல தேவைப்படும். அதுவரை பொறுத்திருப்பவனிடமே நம்பிக்கை வந்து சேரும். புகலிடம் தேடி வந்த நாம் இதனை நன்கறிவோம்.