அந்தமானைப் பார்க்காமலே எழுதிய ஆர்தர் கோனன் டாயில்

வண்டூர் (அந்தமான்): தெற்கு அந்தமானின் வண்டூர் படகுத்துறையிலிருந்து செல்லும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அருகே ரட்லாண்ட் தீவு உள்ளது. துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் வாசிக்கும் புவியியல் அகராதிக் குறிப்பு ஒன்றில் இத்தீவின் பெயர் வருகிறது. 1890-இல் வெளியான 'நால்வரின் அடையாளம்' நாவலில் அக்குறிப்பைப் புகுத்திய ஆர்தர் கோனன் டாயில், அந்தமானில் கால் வைத்ததே இல்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1859 மே 22 அன்று பிறந்த டாயில், மருத்துவம் பயின்றவர். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவரது தொழிலையும் ஊரையும் ஊகித்துவிடும் பேராசிரியர் ஜோசப் பெல்லே ஹோம்ஸின் முன்மாதிரி. சவுத்சீயில் டாயில் நடத்திய மருத்துவமனைக்குக் கூட்டம் வரவில்லை. எழுத நேரம் கிடைத்தது. 1887-இல் வெளியான முதல் ஹோம்ஸ் நாவலின் உரிமை முழுவதையும் 25 பவுண்டுக்கு விற்றார்.

1889 ஆகஸ்டில் அமெரிக்க இதழாசிரியர் ஜோசப் ஸ்டாடர்ட் லண்டனில் அளித்த விருந்தே இரண்டாவது நாவலுக்கு வழிவகுத்தது. அதே விருந்தில் இருந்த ஆஸ்கார் வைல்டு, 'டோரியன் கிரேயின் ஓவியம்' எழுதித் தந்தார்.

டாயிலின் கதையில், அந்தமான் சிறையிலிருந்து தப்பும் ஆங்கிலக் கைதியுடன் டோங்கா என்ற அந்தமான் பழங்குடி லண்டன் சென்று, ஊதுகுழலில் நஞ்சு முள் எய்து கொலை செய்கிறான். ஹோம்ஸ் வாசிக்கும் குறிப்போ அம்மக்களை நரமாமிசம் உண்போர் என்கிறது. இதற்கு ஆதாரம் இல்லை. அவர்களது ஆயுதமும் வில்லும் அம்பும்தான். உண்மையில் அழிவைச் சந்தித்தவர்கள் அவர்களே. 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை அமைத்தபின் பரவிய நோய்களால், ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஏறத்தாழ ஐம்பது பேராகச் சுருங்கியுள்ளனர்.

இதே டாயில்தான் பின்னர் ஓர் இந்திய வம்சாவளியினருக்காகப் போராடினார் என்பது வியப்பு. பார்சி தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்த வழக்கறிஞர் ஜார்ஜ் எடல்ஜி, கால்நடைகளைச் சிதைத்ததாக 1903-இல் தண்டிக்கப்பட்டார். கடும் கிட்டப்பார்வை கொண்டவரால் இருளில் அதைச் செய்திருக்க முடியாது என்றும், நிற வெறுப்பே வழக்கின் வேர் என்றும் டாயில் நாளிதழில் வாதிட்டார். 1907-இல் எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது, இழப்பீடு கிடைக்கவில்லை. ஒரு மனிதனுக்குக் காட்டிய அந்தக் கவனத்தை ஓர் இனத்துக்கு அவர் காட்டவில்லை.

டாயில் 1930 ஜூலை 7 அன்று காலமானார். இந்நாவல் 1983-இல் இயன் ரிச்சர்ட்சன் நடிக்கத் தொலைக்காட்சித் திரைப்படமானது. வண்டூர்ப் பூங்கா அமைந்ததும் அதே ஆண்டில்தான். 1987-இல் ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த படத்தில், நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகர் கிரண் ஷா டோங்காவாகத் தோன்றினார். ஊதுகுழல் அதிலும் இருந்தது.