மன்சூர் வரைந்த வரிக்குதிரை

கிறிஸ்துமஸ் நெருங்கினா நம்ம புதுச்சேரியில வான்கோழி பேச்சு வந்துடும். ஆனா 1612-ல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கே அது புதுசு. கோவாவுக்குப் போயிருந்த முகர்ரப் கான் என்ற அதிகாரி அமெரிக்காவைச் சேர்ந்த அந்தப் பறவையை வாங்கிவந்து கொடுத்தார். அரசர் அசந்துபோய் அதை வரையச் சொன்னார். இன்று நமக்குக் கிடைக்கிற வான்கோழி ஓவியம் உஸ்தாத் மன்சூருடையது.

மன்சூர் அக்பர் காலத்திலேயே அரண்மனை ஓவியக்கூடத்தில் இருந்தவர். அங்கே ஒரே படத்துக்கு ஒருத்தர் கோடு போடுவார், இன்னொருத்தர் வண்ணம் தீட்டுவார். ஆரம்பத்தில் மன்சூர் பல படங்களுக்கு வண்ணம் தீட்டியவர்தான். ஜஹாங்கீர் காலத்தில் முழுப் படமும் அவர் கைக்கு வந்தது. காலத்தின் அதிசயம் என்ற பொருளில் நாதிர்-உல்-அஸ்ர் என்ற பட்டமும் கிடைத்தது. 1620-ல் காஷ்மீர்ப் பயணத்தின்போது நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்தார்.

அடுத்த வருஷம் அபிசீனியாவிலிருந்து ஒரு வரிக்குதிரை வந்தது. உடம்பில் யாரோ கோடு வரைந்துவிட்டார்களோ என்று தோன்றுகிற அளவுக்கு அது விசித்திரமாக இருந்தது. மன்சூர் அதை வரைந்தார். யார் மூலம் வந்தது, யார் வரைந்தது என்று ஜஹாங்கீரே தன் கையால் படத்தில் எழுதினார். பிறகு அந்த மிருகத்தைப் பாரசீக அரசர் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்ப முடிவு செய்தார். ஷா அப்பாஸை அவர் தம்பி, அண்ணன் உறவு சொல்லித்தான் குறிப்பிடுவார். ஆனா 1622-ல் அதே ஷா அப்பாஸ் முகலாயர்களிடமிருந்து காந்தகாரைப் பிடித்துக்கொண்டார்!

கிட்டத்தட்ட அதே சமயம், 1626-ல், ஜப்பானின் கியோட்டோவில் நிஜோ கோட்டையில் கனோ ஓவியர்கள் புலிகளை வரைந்தார்கள். ஷோகனைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கிற அறையில் அந்தப் புலிகள் முறைத்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் யார்னு அதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

மன்சூரின் மிருகங்கள் யாரையும் முறைக்காது. ஆனா அதிகாரி அரசருக்குக் கொடுத்தது, அரசர் இன்னொரு அரசருக்குக் கொடுக்க நினைத்தது, எல்லாம் அந்தப் படங்களுக்குள்ளே இருக்கு. தன் பெயரைப் போடும்போது மன்சூர் அரசவையின் அடிமை என்று சேர்த்து எழுதுவது உண்டு. அவ்வளவு பெரிய பட்டம் வாங்கியும் அவர் நின்ற இடம் அதுதான்.

நாமும் கிராபிக்ஸ் ஷீட்டின் மூலையில் பேர் எழுதுறோம். பேரோடு சேர்த்து யாருக்குக் கீழே இருக்கோம்னும் எழுதச் சொன்னா, நம்ம கை நடுங்காம இருக்குமா? மன்சூர் எழுதிவிட்டு, அந்த வரிக்குதிரையின் ஒவ்வொரு கோட்டையும் பிசகாமல் போட்டார். பரிசும் போச்சு, காந்தகாரும் போச்சு. அந்தக் கோடுகள் இன்னும் லண்டன் அருங்காட்சியகத்தில் அழியாம இருக்கு.