பிறர் ரகசியத்தை விற்ற லட்சுமிகாந்தன்

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. சென்னை வேப்பேரியில் கை ரிக்ஷாவில் போய்க்கொண்டு இருந்த ஒருவரைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

அவர்தான் சி.என்.லட்சுமிகாந்தன். ஊரார் ரகசியங்களை அச்சடித்து விற்றுப் பிழைத்தவர். இறந்த பிறகு அவரே பெரிய செய்தி ஆகி விட்டார்.

அந்தமான் கைதி

லட்சுமிகாந்தனுக்கு வக்கீல் ஆகவேண்டும் என்று ஆசை. அது நிறைவேறவில்லை. கோர்ட்டு வாசலில் தரகர் வேலை பார்த்தார். போலிப் பத்திரம் தயாரித்த வழக்கில் சிக்கினார். தண்டனை கிடைத்தது. ராஜமுந்திரி ஜெயில், தப்பி ஓடும் முயற்சி, பிறகு அந்தமான் என்று காலம் கழிந்தது.

விடுதலை ஆனதும் சென்னைக்குத் திரும்பினார். 1943-ல் "சினிமா தூது" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

நடிகர், நடிகைகளின் அந்தரங்க வாழ்க்கைதான் அதில் முக்கிய விஷயம். உண்மையும் வதந்தியும் கலந்து வந்தன. எது உண்மை, எது கட்டுக்கதை என்று வாசகர்கள் கேட்கவில்லை. பத்திரிகை விற்றுத் தீர்ந்தது. தங்களைப் பற்றி எழுதாமல் இருக்கப் பலர் பணம் கொடுத்தார்கள் என்றும் பேச்சு உண்டு.

கவர்னரிடம் மனு

திரை உலகம் கொதித்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்சு ரத்து ஆனது.

லட்சுமிகாந்தன் ஓயவில்லை. "இந்து நேசன்" என்ற பத்திரிகையில் மறுபடியும் எழுதினார். சினிமாக்காரர்களோடு நிற்கவில்லை. பணக்காரர்களையும் தொட்டார். போட் மெயில் ரெயிலில் நடந்த கொலையைப் பற்றியும் எழுதினார். ஆகவே அவருக்குப் பகைவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை.

அந்த நிலையில்தான் வேப்பேரியில் கத்திக்குத்து நடந்தது.

நட்சத்திரங்கள் கைது

டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த பாகவதரின் "ஹரிதாஸ்" தியேட்டர்களில் ஓடிக்கொண்டு இருந்தது. படத்தில் பாடிய நாயகன் ஜெயிலில் இருந்தார். ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார்.

அப்போது சித்தூர், திருப்பதி எல்லாம் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவை. சென்னை ஐகோர்ட்டுதான் நமக்கும் ஐகோர்ட்டு. அங்கே ஜூரிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. ஜூரிகள் என்போர் பொதுமக்களில் இருந்து தேர்ந்து எடுக்கப்பட்டவர்கள். அந்த முறை இன்று இல்லை.

ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். பாகவதரும் கலைவாணரும் கொலைச் சதியில் பங்கு கொண்டதாகப் பெரும்பாலான ஜூரிகள் கருதினார்கள். 1945-ம் ஆண்டு மே 3-ந் தேதி இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டில் செய்த அப்பீல் தள்ளுபடி ஆனது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போனது. மறுபடி விசாரிக்கும்படி உத்தரவு வந்தது.

1947-ம் ஆண்டு ஏப்ரலில் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. அப்ரூவர் ஆனவரின் சாட்சியத்தை நம்பித் தண்டிக்க முடியாது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

திரும்பி வராத புகழ்

நிரபராதி என்ற தீர்ப்பு வருவதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஜெயிலில் கழிந்து விட்டது. கலைவாணர் மீண்டும் திரையில் வெற்றி பெற்றார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. 1959-ல் காலமானார்.

லட்சுமிகாந்தன் கொலையைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ கட்டுரைகள் வந்து விட்டன. புத்தகங்களும் வந்தன. நிஜக் கொலை வழக்குகளை விரும்பிப் படிப்பவர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். பலருக்குப் பாகவதர் கைதானது நினைவு இருக்கிறது. விடுதலை ஆனது நினைவு இல்லை.

கொலைக்குப் பின்னால் இருந்தது யார் என்ற கேள்விக்கு இன்றும் விடை இல்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். லட்சுமிகாந்தன் அடுத்தவர்களைப் பற்றி எழுதியது போலவே, அவரைப் பற்றிய கதைகளிலும் உண்மையும் வதந்தியும் கலந்தே கிடக்கின்றன.