வேண்டாம் என்றவரின் அட்டைக்கு 72 லட்சம் டாலர்... யார் இந்த ஹோனஸ் வாக்னர்?

ஒன்றரை அங்குல அகலம்கூட இல்லாத ஒரு சின்ன அட்டை. சிகரெட் பாக்கெட்டுக்குள் இலவசமாக வைத்துக் கொடுக்கப்பட்டது. ஆரஞ்சு நிறப் பின்னணியில், தலையை நடுவகிடு எடுத்து வாரிய ஒரு பேஸ்பால் வீரரின் படம். 2022-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்த அட்டை கைமாறிய விலை 72.5 லட்சம் டாலர். அட்டையின் மூலைகள் மழுங்கிப்போய், சுருக்கம் விழுந்து கிடந்தும் இந்த விலை.

அதில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர். இந்த அட்டை எனக்கு வேண்டாம், என் படத்தைப் போடாதீர்கள் என்று மறுத்தவர். அவர் மறுத்ததால்தான் இவ்வளவு விலை என்பதுதான் இதில் வேடிக்கை. யார் இவர்? எதற்காக மறுத்தார்? பழைய அட்டைக்கும் புது அட்டைக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

சுரங்கத்திலிருந்து மைதானத்துக்கு

1874 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர் வாக்னர். அந்த ஊருக்கு இப்போது கார்னகி என்று பெயர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். இவருக்கு வைத்த பெயர் ஜோஹன்னஸ் பீட்டர் வாக்னர். ஜோஹன்னஸ் சுருங்கி ஹோனஸ் ஆனது.

நிலக்கரிச் சுரங்கம்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அப்பா, அண்ணன்களோடு இவரும் சுரங்க வேலைக்குப் போனார். வேலை இல்லாத நேரத்தில் அண்ணன் தம்பிகளோடு பேஸ்பால். அண்ணன் ஆல்பர்ட்டும் நல்ல ஆட்டக்காரர்தான். அவர் வழியாகத்தான் தம்பிக்கும் சின்ன லீக் அணிகளில் இடம் கிடைத்தது.

ஆளைப் பார்த்தால் விளையாட்டு வீரர் மாதிரியே இருக்க மாட்டார். அகன்ற மார்பு, நீண்ட கைகள், வில் மாதிரி வளைந்த கால்கள். ஆனா ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. அதனால் ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் பறக்கும் டச்சுக்காரர். ஜெர்மானியர்களையும் டச்சு என்றே அழைப்பது அப்போது அமெரிக்காவில் வழக்கம்.

1897-ல் லூயிவில் அணிக்காகப் பெரிய லீக்கில் நுழைந்தார். 1900-ல் நேஷனல் லீக் 12 அணிகளிலிருந்து 8 ஆகச் சுருங்கியபோது, லூயிவில் அணியின் உரிமையாளர் பார்னி டிரைஃபஸ் தன்னுடைய நல்ல வீரர்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குக் கொண்டுபோனார். வாக்னருக்கு அது சொந்த ஊருக்குத் திரும்பிய மாதிரி. 1917-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார்.

எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்?

இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று பந்தைத் தடுப்பவருக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். பந்து அதிகமாகப் போகும் இடம் என்பதால், அங்கே நிற்பவருக்குத் தடுப்பாட்டம் வந்தால் போதும், பேட்டிங் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் விட்டுவிடுவார்கள். வாக்னருக்கு இரண்டுமே வந்தது. நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டத்தை 8 முறை வென்றார். 3,400-க்கும் மேற்பட்ட ஹிட்கள், 700-க்கும் மேற்பட்ட பேஸ் திருட்டுகள்.

1903-ல் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸில் பைரேட்ஸ் அணி பாஸ்டனிடம் தோற்றது. வாக்னர் அதில் சரியாக ஆடவில்லை. 1909-ல் மறுபடி வாய்ப்பு வந்தது. எதிரில் டெட்ராய்ட் டைகர்ஸ். அந்த அணியில் அன்றைய இன்னொரு பெரிய நட்சத்திரமான டை காப். ஏழு ஆட்டங்கள் வரை போன அந்தத் தொடரைப் பைரேட்ஸ் வென்றது. வாக்னரின் பேட்டிங் சராசரி .333. காப்புக்கு .231 மட்டுமே.

இப்படி அவர் புகழின் உச்சியில் இருந்த அதே 1909-ல்தான் அந்த அட்டை வந்தது.

சிகரெட் பாக்கெட்டில் வீரர்கள் எதற்கு?

அன்றைய சிகரெட் பாக்கெட்டுகள் மெல்லிய காகிதத்தில் வந்தன. நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். சும்மா வெற்று அட்டை எதற்கு, படம் போட்டால் விற்பனை கூடுமே என்று நடிகைகள், விலங்குகள், கொடிகள் என எல்லாம் அச்சடித்தார்கள். வீரர்களின் படம் ரொம்பவே எடுபட்டது. முழு வரிசையையும் சேர்க்க வேண்டும் என்றால் திரும்பத் திரும்ப அதே சிகரெட்டை வாங்கித்தானே ஆகணும்?

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை, தன்னுடைய 16 சிகரெட், புகையிலைப் பிராண்டுகளில் 520-க்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகளை வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் இந்த வரிசையை இன்று டி206 என்கிறார்கள். இதற்காக வீரர்களிடம் அனுமதி வாங்க ஆட்களை நியமித்தது கம்பெனி. பிட்ஸ்பர்க்கில் வாக்னரிடம் அனுமதி வாங்கித் தரும் பொறுப்பு ஜான் க்ரூபர் என்ற விளையாட்டுச் செய்தியாளருக்கு வந்தது. வாங்கித் தந்தால் அவருக்கு 10 டாலர்.

வாக்னர் மறுத்துவிட்டார். சிகரெட் பாக்கெட்டில் தன் படம் வருவதை விரும்பவில்லை என்று க்ரூபருக்குக் கடிதம் எழுதினார். கூடவே, தன்னால் நண்பருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று 10 டாலருக்கு ஒரு காசோலையையும் வைத்து அனுப்பினார். க்ரூபர் அதை வங்கியில் போடாமல் ஞாபகார்த்தமாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். 1912-ல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை வெளியிட்ட தகவல் இது.

அதற்குள் கொஞ்சம் அட்டைகள் அச்சாகி வெளியே போய்விட்டன. அச்சு நிறுத்தப்பட்டது. இன்று உலகத்தில் இருப்பதாகக் கணக்கில் உள்ள வாக்னர் டி206 அட்டைகள் சுமார் 60 மட்டுமே.

குழந்தைகளுக்காகவா, காசுக்காகவா?

நூறு ஆண்டு கடந்தும் ஓயாத வாதம் இது. அட்டைக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் சிகரெட் வாங்கிவிடக் கூடாது என்றுதான் மறுத்தார் என்பது ஒரு தரப்பு. அவரே புகையிலை மெல்லுபவர், லூயிவில் காலத்தில் அவர் பெயரிலேயே சுருட்டு விற்றது, அதனால் சரியான பணம் தராததால்தான் மறுத்திருப்பார் என்பது இன்னொரு தரப்பு.

இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது. தன் பெயருக்கு விலை உண்டு என்பது வாக்னருக்கு நன்றாகத் தெரியும். 1905-லேயே லூயிவில் மட்டை தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, தன் கையெழுத்தை மட்டையில் பொறிக்க அனுமதித்தவர் அவர். வீரரின் கையெழுத்தோடு விற்பனைக்கு வந்த முதல் மட்டை அதுதான். 1908-ல் ஓய்வு பெறப்போவதாகச் சொல்லி, சம்பளத்தை 10,000 டாலராக உயர்த்தவும் வைத்தார். ஆனா வெறும் காசுதான் பிரச்சினை என்றால், சொந்தக் காசிலிருந்து நண்பருக்குக் காசோலை அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? எந்தக் காரணமாக இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். தன் முகம் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதைத் தான்தான் முடிவு செய்யணும் என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்து வீரர்களில் அப்படி நினைத்தவர்கள் குறைவு.

கடைசிக் காலம்

1936-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலில் தேர்வான ஐந்து பேரில் வாக்னரும் ஒருவர். டை காப், பேப் ரூத், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகியோர் மற்ற நால்வர். வாக்குகளில் ரூத்தும் இவரும் சமம்.

ஓய்வுக்குப் பிறகு கையில் பெரிதாகப் பணம் இல்லை. விளையாட்டுப் பொருள் கடை நடத்திப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1933-ல் பைரேட்ஸ் அணி பயிற்சியாளராகக் கூப்பிட்டுக்கொண்டது. சுமார் 20 ஆண்டுகள் அந்தச் சீருடையில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1955 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, 81 வயதில், கார்னகியில் காலமானார்.

அவர் மறுத்த அட்டையின் கதை அதற்கப்புறம்தான் சூடுபிடித்தது. 1985-ல் ஒரு வாக்னர் அட்டையை பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் அதை 4,51,000 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். 2007-ல் அதே அட்டை 28 லட்சம் டாலர். பத்துக்கு 8 மதிப்பெண் பெற்ற அட்டை அது. கடைசியில், ஓரங்கள் கூர்மையாகத் தெரிய அதை வெட்டிச் சீராக்கியதாக 2013-ல் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் அவருக்கு 20 மாதச் சிறை. 72.5 லட்சம் டாலருக்குப் போனது இதுவல்ல, வேறொரு அட்டை.

பழசா, புதுசா... எது மேல்?

சேகரிப்பாளர்கள் பொதுவாக 1980 வாக்கில் கோடு போடுகிறார்கள். அதற்கு முந்தையது பழைய அட்டை. பிந்தையது புதிய அட்டை.

பழைய அட்டைகள் அரிதானது தற்செயலாக. யாரும் பத்திரப்படுத்தி வைக்க அவற்றை அச்சிடவில்லை. பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்து குப்பையில் போட்டார்கள். 1952-ல் டாப்ஸ் கம்பெனி பபிள்கம்மோடு கொடுத்த அட்டைகளில் விற்காத மூட்டைகளை, 1960-ல் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அந்த வரிசையைச் சேர்ந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது.

இந்த விலைகளைப் பார்த்து, 1980-களின் கடைசியில் ஆளாளுக்கு அட்டைகளை வாங்கிப் பெட்டி பெட்டியாகப் பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு ஏது விலை? பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பிச் சேர்த்து வைத்த பெட்டிகள் இன்று வாங்கிய விலைக்குக்கூடப் போவதில்லை.

அதில் பாடம் படித்த கம்பெனிகள், இப்போது அரிதான அட்டைகளைத் திட்டம் போட்டே தயாரிக்கின்றன. வரிசை எண், வீரரின் கையெழுத்து, சீருடையிலிருந்து வெட்டிய துணி, உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்ற முத்திரை. 2024 சீசனில் அறிமுகமான பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் அட்டை அப்படிப்பட்டது. முதல் ஆட்டத்தில் அவர் அணிந்த சீருடையின் துண்டும் கையெழுத்தும் கொண்ட அந்த ஒரே அட்டை, பாக்கெட் பிரித்த ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது. 30 வருஷத்துக்கு ஆட்ட டிக்கெட் தருகிறோம், அட்டையைக் கொடுங்கள் என்று அவரது அணி கேட்டுப் பார்த்தது. அந்தக் குடும்பம் ஏலத்துக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் 11.1 லட்சம் டாலருக்குப் போனது. ஸ்கீன்ஸ் ஆடுவது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு. அதாவது வாக்னரின் அணி.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். புதிய அட்டையின் மதிப்பு, இப்போதுதான் ஆட ஆரம்பித்திருக்கும் ஒருவரின் எதிர்காலத்தை நம்பி இருக்கிறது. காயம் பட்டாலோ, ஃபார்ம் போனாலோ விலையும் போகும். பழைய அட்டையில் இருப்பவரின் ஆட்டம் முடிந்துவிட்டது, கணக்கு மாறாது. ஆனா அங்கே போலியும் வெட்டி ஒட்டிய வேலையும் அதிகம். நம்பகமான தரச்சான்று இல்லாமல் பெரிய தொகை போடுவது ஆபத்து.

இன்று வீரர்கள் சம்மதித்து, கையெழுத்திட்டு, பங்கு வாங்கிக்கொண்டுதான் அட்டைகள் அச்சாகின்றன. வாக்னர் அட்டையின் கோடிகளில் ஒரு டாலர்கூட வாக்னருக்குப் போகவில்லை. அந்த அட்டைக் கணக்கில் அவர் கையிலிருந்து போனது மட்டும்தான். அது 10 டாலர்.