ராபர்ட் நாய்ஸ்: ஒரு இன்ஜினீயர், மூன்று வேலைகள்

நல்லா வேலை பார்க்குற இன்ஜினீயரை மேனேஜர் ஆக்கிடுவாங்க. அப்புறம் அவர் வேலையே மாறிடும். ராபர்ட் நாய்ஸுக்கு அது இரண்டு முறை மாறியது.

1927-ல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தவர், இயற்பியலில் முனைவர். நோபல் விஞ்ஞானி ஷாக்லியின் நிர்வாகம் பிடிக்காமல், 1957-ல் ஏழு சகாக்களுடன் வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார். 1959-ல், முழு மின்சுற்றையும் ஒரே சிலிக்கான் துண்டில் அமைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைய சிப்புகளுக்கு அதுவே அடித்தளம்.

1968-ல் கார்டன் மூருடன் இன்டெல்லைத் தொடங்கியதும், கண்டுபிடிப்பது மற்றவர்கள் வேலையானது. அவர்கள் தயங்காமல் பேசவும் முயலவும் இடம் கொடுப்பது இவர் வேலை. அங்கே உயரதிகாரிகளுக்குத் தனி பார்க்கிங்கூடக் கிடையாது. 1971-ல் இன்டெல்லின் முதல் மைக்ரோபிராசசர் வந்தது.

1980-களில் மெமரி சிப் சந்தையை ஜப்பான் பிடித்தது. ஒரு கம்பெனி தனியாகச் சமாளிக்கிற விஷயம் இல்லை அது. போட்டி நிறுவனங்கள் அரசு நிதியுதவியோடு செமாடெக் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. 1988-ல், 60 வயதில், நாய்ஸ் அதற்குத் தலைமையேற்றார். போட்டியாளர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் மூன்றாவது வேலை. அந்தப் பொறுப்பில் இருக்கும்போதே, 1990-ல் மாரடைப்பால் இறந்தார்.